எட்டடி நிலை

உடையப்பனைவிடப் பெரியகருப்பன் மூன்று மாதம் மூத்தவர். இருவரும் அண்ணன் தம்பி பிள்ளைகள், பங்காளிகள். அந்த மூன்று மாதத்துக்காக ஆயுள் முழுக்க அவரை “அண்ணே” என்று கூப்பிட வேண்டியிருந்ததே, இதைவிடப் பெரிய அநியாயம் காரைக்குடியில் நடந்ததாக உடையப்பனுக்குத் தெரியாது.

பாகம் பிரித்தபோது தாத்தா கட்டிய வீட்டை நட்டநடுவில் பிரித்துக்கொண்டார்கள். தெருவைப் பார்த்திருந்த வண்டிக் கொட்டகையும் தப்பவில்லை. அதற்குள் நீளவாக்கில் ஒரு சுவர் எழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியகருப்பன், இந்தப் பக்கம் உடையப்பன். மாட்டு வண்டிகள் போய்விட்ட பிறகு இரண்டு பாதியிலும் பழைய பாயும் உடைந்த அண்டாவும் கிடந்தன. அப்படியே கிடந்திருந்தால் ஊர் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்தில் பெரியகருப்பன் மதுரையிலிருந்து ஒரு பழைய ஆஸ்டின் வாங்கி வந்தார். வேலைவெட்டிக்குப் போய்வர வேறு கார் இருந்தது, இது ஆசைக்கு. அதை நிறுத்துவதற்காகக் கொட்டகையை ஒரு கல்யாண வீடு போல ஆக்கிவிட்டார். முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, தரைக்குப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல், எதிர்ச்சுவரில் ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி. முன்னால் நின்று பார்த்தால் இரண்டு ஆஸ்டின் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை சாய்வு நாற்காலியைக் காருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு பேப்பர் படிப்பார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

பார்ப்பதோடு போயிருந்தால்கூட உடையப்பன் பொறுத்திருப்பார். தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த ஆஸ்டினைக் கேட்க ஆரம்பித்தார்கள். பெரியகருப்பனும் முகம் சுளிக்காமல் கொடுத்தார். இரண்டு வருஷத்தில் பதினொரு மாப்பிள்ளைகள். உடையப்பன் எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

தம் மகள் நாச்சியாருக்கு மாப்பிள்ளை வரும்போது அவர் தம்முடைய காரில்தான் வர வேண்டும் என்று பதினொன்றாவது ஊர்வலத்தன்றே மனதுக்குள் சத்தியம் செய்துவிட்டார். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பங்களாவில் துருப்பிடித்துக் கிடந்த செவர்லேயைப் பிடித்தார். ஆஸ்டினைப் பக்கத்தில் நிறுத்தினால் அது இதற்குப் பிறந்த குட்டி மாதிரித் தெரியும். அந்த ஒன்றுக்காகவே வாங்கினார். மெக்கானிக் மீரான் சாகிபு வண்டியை முகப்பு திறந்து கிடந்த கொட்டகைக்குள் தள்ளி, நாலு சக்கரத்தையும் கழற்றி, கட்டை கொடுத்து நிறுத்தி வேலையைத் தொடங்கினார்.

வண்டி உள்ளே மூடிக் கிடக்க, கொட்டகை வேலை ஒரு பக்கம் நடந்தது. அந்தப் பக்கம் கல்லில் பூ இருந்தால் இந்தப் பக்கம் பூவோடு கொடி. அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி, இந்தப் பக்கம் இரண்டு. பூச்சுக்குக் கூடை கூடையாக முட்டை உடைத்ததில் மஞ்சள் கரு மிஞ்சிப்போய், ஒரு மாதம் வீட்டில் அந்தக் குழம்புதான்.

“வேலைக்காரப் பொம்பளைக எல்லாம் கும்பிடு போட்டு ஓடுறாளுக. போதும், நிப்பாட்டுங்க,” என்றாள் மனைவி கண்ணம்மை.

“அங்குட்டுப் போய் அவுக பூச்சைத் தடவிப் பாரு. பெறகு வந்து சொல்லு.”

“நான் எதுக்குத் தடவணும்? நீங்கதேன் ஆளில்லாதப்பப் போய்த் தடவிட்டு வாரீகளே.”

அது உண்மைதான் என்பதால் உடையப்பன் பூச்சு வேலையைப் பார்க்கக் கொட்டகைக்குப் போய்விட்டார்.

கடைசியில் வாசல். பெரியகருப்பன் வைத்திருந்தது ஒல்லியான தேக்கில் வேலைப்பாடில்லாத ஏழடி அகல நிலை. கானாடுகாத்தானில் ஒரு வீட்டைப் பிரித்து விற்பதாகக் கேள்விப்பட்டு உடையப்பன் ஓடினார். பர்மாத் தேக்கு, மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளியும் யாளியும் கொடியும் அடுக்கடுக்காக. “எட்டடி நிலை,” என்றார் விற்றவர். எட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் உடையப்பனுக்கு வேறு எதுவும் விழவில்லை.

நிலை வைக்கிற அன்று கொத்தனார் செம்மலை தலையைச் சொறிந்தார். “அண்ணே, உள்வாசல் எவ்வளவு வருதுன்னு பாத்துக்கிட்டீகளா?”

“ஏழடியில ஒரு கார் போயிட்டு வருது. எட்டடியில என் கார் வராதா? சுவருக்கு அங்குட்டு இருந்து யாரும் சொல்லிக் குடுத்து விட்டாகளோ?”

செம்மலை தூக்குக்குண்டை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். நல்ல நேரத்தில் அடியில் நவதானியமும் பொன்னும் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்து நிலை ஏறியது. ஊரே வந்து வாயைப் பிளந்தது. பெரியகருப்பனும் வந்து, “நல்ல வேலைப்பாடு தம்பி,” என்றார். அந்த வார்த்தையில் துளிக்கூட எரிச்சல் இல்லாதது உடையப்பனுக்குப் பெரிய ஏமாற்றம்.

அறுபத்தெட்டு ஆவணியில் நாச்சியாருக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஊர் கண்டரமாணிக்கம். முகூர்த்தக்கால் ஊன்றியாயிற்று. “பிள்ளையார் கோயிலில் இருந்து மாப்பிள்ளை நம்ம செவர்லேயிலதேன் வாராக” என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லியாயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மீரான் சாகிபு சக்கரங்களை மாட்டினார். வண்டி முதல் தடவையிலேயே கிளம்பியது. உடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாலு அடி முன்னால் வந்த வண்டியை நிலைக்கு முன்னால் நிறுத்திவிட்டு மீரான் சாகிபு இறங்கி, கயிற்றைப் பிடித்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

“வண்டி ஆறடி. வாசல் அஞ்சே முக்காலுங்க.”

“எட்டடி நிலைய்யா இது!”

“அது வெளியளவுங்க. நிலைக்கு வெளியளவுதானே சொல்லுவாக. இந்தச் சட்டம் ரெண்டும் ஒவ்வொண்ணும் ஒரு அடிக்கு மேல இருக்கே.”

யாளி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நிலையைப் பெயர்த்துவிடலாம் என்று உடையப்பன் வாயெடுத்ததுமே கண்ணம்மை பதறிக்கொண்டு வந்தாள்.

“முகூர்த்தக்கால் ஊண்டின வீட்டுல நிலையைப் பிடுங்குறதா? வாழப்போற புள்ளைக்கு அது ஆகுமா? உங்க காரும் வேணாம், கண்ணாடியும் வேணாம்.”

நிலை தப்பியது. நிலையை ஒட்டிய முன்சுவரை உடைத்தால் நிலையோடு முகப்பே இறங்கிவிடும் என்றார் செம்மலை. வலது பக்கம் இரண்டு மாடி வீடு, பின்னால் சமையல்கட்டு. செவர்லே அழகான ஒரு சிறைக்குள் நின்றது.

செய்தி சுவரைத் தாண்டிப் போக எவ்வளவு நேரம் ஆகும்? பெரியகருப்பன் வந்தார். உடையப்பன் தயாராகத்தான் இருந்தார். அவர் சிரிக்கட்டும், நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை வைத்திருந்தார். பெரியகருப்பன் சிரிக்கவில்லை. நிலையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், நடுச்சுவரைத் தட்டிப் பார்த்தார்.

“இதை எடுத்துருவோம். என் வாசல் உள்ளளவே ஆறரை இருக்கு. அங்குட்டுத் திருப்பி வெளிய எடுத்துறலாம்.”

“ஒங்க பூச்சு? தரை?”

“பூச்சுதானப்பா.”

“அதுக்கு… ஒங்க ஆஸ்டினையே…” உடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே இழுத்தார்.

“தரமாட்டேன். ஊர்ப்பட்ட மாப்பிள்ளைக்கெல்லாம் குடுத்தேன், இதுக்கு மட்டும் தரமாட்டேன். நம்ம நாச்சியா மாப்பிள்ளை அவ அப்பன் கார்லதேன் வரணும்.”

சொல்லிவிட்டு, தம் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவைத்து, ஆஸ்டினைத் தெருவில் விட்டு, செம்மலை கையிலிருந்த கடப்பாரையை வாங்கி முதல் போடு அவரே போட்டார். பளிங்கு மாதிரி இருந்த பூச்சு ஓடு ஓடாக உதிர்ந்தது. அந்தப் பூச்சு பாழாக வேண்டும் என்று உடையப்பன் எத்தனை நாள் வேண்டியிருப்பார்! அன்றைக்கு அதைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டியை முன்னும் பின்னும் நகர்த்தித் திருப்புவதற்குள் கடப்பாரைக்குத் தப்பிய தரைக்கல்லும் நொறுங்கியது.

மாப்பிள்ளை செவர்லேயில்தான் வந்தார். நாதஸ்வரம் முன்னால் போக, முன் ஸீட்டில் உடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் கூட்டம். ஒரு குரலாவது “உடையப்பன் காரு” என்று சொல்லுமா என்று காதைத் தீட்டிக்கொண்டே வந்தார்.

“பங்காளி காருக்காகத் தன் சுவரையே இடிச்சாகளாம்ல!”

“மொத அடி அவுகளே அடிச்சாகளாம்.”

“அந்த மனசு யாருக்கு வரும்?”

தெரு முழுக்க இதே பேச்சு. வீட்டு வாசலில் வண்டி நின்றதும் உடையப்பன் குதித்து இறங்கி, பின் கதவைத் திறந்து, மாப்பிள்ளைக்குக் கை நீட்டினார். மாப்பிள்ளை அந்தக் கையைப் பிடித்து இறங்கினார்.

“சுவரை இடிச்ச மாமா யாருங்க?” என்று கேட்டார்.

யாரோ கை காட்டினார்கள். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக நேரே போய்ப் பெரியகருப்பன் காலில் விழுந்தார். கூட்டம் ஆரவாரித்தது. பெரியகருப்பன் கூச்சத்தோடு அவரைத் தூக்கி நிறுத்தினார்.

உடையப்பன் கார்க் கதவைப் பிடித்தபடி நின்றார். இதுநாள் வரை அந்த மனிதரிடம் இருந்ததையெல்லாம் அவரும் தேடிப்போய் வாங்கிவிட்டார். இது எந்த ஊரில் கிடைக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை. தாமே முதலில் கடப்பாரையை எடுத்திருந்தால் என்ன என்று நினைத்தார். நினைத்ததுமே, தாம் எடுத்திருக்கமாட்டோம் என்பதும் தெரிந்தது. கூட்டம் உள்ளே போய்விட்டது. கதவைச் சாத்தக்கூடத் தோன்றாமல் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.