பப்பாளி டாக்டரின் வைத்தியம்

எங்கள் ஊர் கரங்கானில் என் வீட்டுக்காரருக்கு இரண்டு பெயர். மளிகைக் கடைப் பலகையில் அய்யாவு. கடைக்கு வெளியே பப்பாளி டாக்டர். எங்கள் தாமான் குடியிருப்பில் டிங்கி என்னும் டெங்குக் காய்ச்சல் பரவிய வருஷம், கடைக்குப் பின்னால் நிற்கும் பப்பாளி மரத்து இலையை இடித்துச் சாறு பிழிந்து வீடு வீடாகக் கொடுத்தார். எல்லாரும் பிழைத்தார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அதைச் சொன்னால் அன்றைக்கு முழுக்க என்னோடு பேசமாட்டார் என்பதால் நான் சொன்னதில்லை.

அவருக்கு ஒரே தங்கை, சாந்தினி. அவள் லோகனை விரும்பிக் கட்டிக்கொண்டாள். லோகனின் அப்பா அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கூலிகள். அது போதாதா இவருக்கு? “தோட்டத்துப் பையனுக்கு என் வீட்டுல தண்ணிகூடக் கிடையாது” என்று கோயில் வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னார். சொன்னதைக் காப்பாற்றவும் செய்தார். லோகன் கூலிம் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஆனார், பிள்ளைகள் படித்து வேலைக்குப் போனார்கள். இவர் மட்டும் இறங்கி வரவில்லை. கடையில் கூட்டம் இருக்கும் நேரம் பார்த்துத்தான் நான் சாந்தினிக்குப் போன் போடுவேன்.

போன மாதம் லோகன் கம்பெனி பஸ்ஸைவிட்டு இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் உள்ளே கிழிந்திருந்ததாம். ஆஸ்பத்திரியில் உடனே நெஞ்சைத் திறந்து, கிழிந்ததை வெட்டி எடுத்துச் செயற்கைக் குழாய் வைத்துத் தைத்தார்கள். செய்தி கேட்டதும் இவர் வாடிக்கையாளரைப் பாதியில் விட்டுவிட்டுக் கடையைச் சாத்தினார். “கிளம்பு” என்றார். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

லோகன் கண் விழித்து வார்டுக்கு வந்த பிறகு டாக்டர் யோகேஸ்வரி எங்களுக்கு விளக்கமாகச் சொன்னார். “வெள்ளை அணுவுல நியூட்ரோஃபில்னு ஒண்ணு, லிம்போசைட்னு ஒண்ணு. முதல்ல சொன்னது ஏறி மத்தது இறங்கினா உடம்பு தவிக்குதுன்னு அர்த்தம். இவருக்கு அது நாளுக்கு நாள் சரியாகிட்டு வருது, நல்ல அறிகுறி. பிளேட்லெட் மட்டும் கம்மி. பெரிய ஆபரேஷனுக்கு அப்புறம் அப்படித்தான் இருக்கும், தானா ஏறிடும்.”

பிளேட்லெட் என்ற சொல் காதில் விழுந்ததும் இவர் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன எதுவும் உள்ளே போகவில்லை.

“டிங்கிக்கும் இதேதான் இறங்கும் பிரேமா. நம்ம சாறுக்கு ஏறாத பிளேட்லெட்டா?”

மறுநாள் காலையில் இலையைப் பறித்தது அவர், பிழிந்தது நான். “டாக்டரைக் கேட்டுக்கலாமே” என்று ஒருமுறை சொன்னேன். அவர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்துத் தங்கை புருஷனுக்கு ஏதோ செய்யக் கிளம்பியிருக்கிறார், அதைத் தடுப்பானேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பார்வையாளர் நேரத்தில் சாந்தினி கேன்டீனுக்குப் போயிருந்தாள். வார்டு நர்ஸ் மிஸ்ஸி நவமணி, சிடாம் கிரி ஊர்ப் பிள்ளை, அடுத்த கட்டிலில் வேலையாக இருந்தாள். என் பைக்குள்ளிருந்த பிளாஸ்கை எடுத்து இவர் மூடியில் சாற்றை ஊற்றினார். என்ன பேசுவது என்று தெரியவில்லை போலிருக்கிறது.

“குடி. பிளேட்லெட் ஏறும்.”

லோகன் மூடியைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். வாங்கி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். குடித்து முடித்ததும் புரை ஏறியது. இருமல் நிற்கவில்லை, கண் பிதுங்கியது, பச்சையாக வாந்தி எடுத்தார். நான் துண்டால் துடைத்துத் துண்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். மிஸ்ஸி ஓடி வந்தாள்.

“ஒண்ணுமில்லம்மா, வெறும் இருமல்தான்லா” என்றேன். அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது.

மறுநாள் போனபோது லோகனுக்குக் காய்ச்சல் கொதித்தது, மூச்சு இரைத்தது. டாக்டர் எங்களை வெளியே அழைத்தார்.

“ஒரே நாள்ல நியூட்ரோஃபில் ஏறிப்போச்சு, லிம்போசைட் விழுந்துடுச்சு. புதுசா வச்ச குழாயில கிருமி பிடிச்சிருக்கலாம்னு பயப்படறோம். அப்படி இருந்தா மறுபடியும் நெஞ்சைத் திறக்கணும். இந்த உடம்பு அதைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது.”

சாந்தினி சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் நவமணி பக்கம் திரும்பினார்.

“நேத்து வாயில என்ன குடுத்தீங்க?”

“ஸ்பூன்ல தண்ணி மட்டும்தான் டாக்டர். நிமிர்த்தி உட்கார வச்சுத்தான் குடுத்தேன். சாயங்காலம் கொஞ்சம் இருமினாரு.”

“இருமினாரா? எனக்கு ஏன் சொல்லல? பேஷண்ட் உயிர் போனா யார் பதில் சொல்றது?”

நவமணியின் கண் கலங்கியது. என்னைப் பார்த்தாள். ‘இந்த அம்மாதான் வெறும் இருமல்னாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கோயில் வாசலில் நாலு பேர் கேட்கக் கத்திய மனுஷன், கை கழுவும் முறை பற்றிய சுவரொட்டியைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். பிறகு எனக்கே அருவருப்பாகிவிட்டது. நான் மட்டும் என்ன யோக்கியம்?

நேற்றிலிருந்து கழுவாமல் பையிலேயே கிடந்த பிளாஸ்கை எடுத்து அங்கிருந்த மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் அந்தத் துண்டையும் வைத்தேன்.

“மிஸ்ஸி மேல தப்பில்ல டாக்டர். நாங்கதான் பப்பாளி இலைச் சாறு குடுத்தோம். புரை ஏறி வாந்தி எடுத்தாரு. நான்தான் மறைச்சேன்.”

டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “சாறு நுரையீரலுக்குள்ள போயிருக்கணும். அதை முதல்ல பார்க்கிறோம்” என்று சொல்லிவிட்டு வேகமாக உள்ளே போனார். போகிற வழியில் நவமணியின் தோளைத் தொட்டார்.

சாந்தினி தரையில் உட்கார்ந்தபடியே நிமிர்ந்தாள். “அண்ணன் பண்ணுவாரு, தெரியும். அண்ணி, நீங்களுமா?”

நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

டாக்டர் சொன்னதுபோலவே சாறு நுரையீரலைத்தான் கெடுத்திருந்தது. வைத்த குழாய் சுத்தமாக இருந்தது. நெஞ்சைத் திறக்காமல் மருந்து ஏற்றினார்கள். அடுத்து வந்த ரத்தப் பரிசோதனைகளில் நியூட்ரோஃபில் மெல்ல இறங்கி லிம்போசைட் ஏறத் தொடங்கியது. அப்போதுதான் எங்களை உள்ளே விட்டார்கள். டாக்டர் லோகனிடம் குனிந்து கேட்டார்.

“அவ்வளவு கசப்பை எப்படிக் குடிச்சீங்க? வேணாம்னு சொல்லியிருக்கலாமே?”

லோகன் ஆக்சிஜன் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

“கசந்துச்சு டாக்டர். ஆனா மச்சான் மொத தடவையா அவரு கையால ஒண்ணு குடுத்தாரு. எப்படி வேணாங்கறது?”

இவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலை நிமிரவில்லை. லோகனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. இவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்திருந்துவிட்டு நவமணியிடம் போனார். அந்தக் குரலை நான் இதுவரை கேட்டதில்லை.

“மிஸ்ஸி, அவருக்கு நான் கொஞ்சம் தண்ணி குடுக்கலாமா?”

“இல்ல அங்கிள்” என்றாள் நவமணி மெதுவாக. “இப்போதைக்கு அவருக்குத் தண்ணிகூடக் கிடையாது.”