குல்பஹாரின் நாடி

எங்கள் நிஷாப்பூரில் காதல் என்பது மூளை நோய். நான் சொல்லவில்லை, மருத்துவ நூல் சொல்கிறது. தன்னை ஓநாயென்று நினைத்து இடுகாட்டில் அலைகிறவனின் நோய்க்கு அடுத்த பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். தூக்கம் வராது, கண் குழியும், பெருமூச்சு வரும். யார் மேல் என்று மட்டும் நோயாளி சொல்ல மாட்டார். நாடியைப் பிடித்துக்கொண்டு ஊரிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். எந்தப் பெயருக்கு நாடி துள்ளுகிறதோ, அந்த ஆள். மருந்து, அவரையே கல்யாணம் கட்டிவைப்பது.

இப்படிப் பதினோரு பேருக்குக் கண்டுபிடித்த ஹக்கீம் நான். பன்னிரண்டாவதாக என் மனைவி குல்பஹார் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு விட்டாள். எதிரே காகித வியாபாரி ரூஸ்பேயின் கடை. அவனுக்கு அழகான தாடி. என் தாடியைப் பற்றிப் பேச வேண்டாம்.

மூன்று நாள் எனக்கு ரொட்டி இறங்கவில்லை. நான்காம் நாள் காலை, "கையைக் கொடு, உனக்கு உடம்பு சரியில்லை," என்றேன்.

"எனக்கா? உங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தீங்களா?"

மணிக்கட்டைப் பிடித்தேன். "தச்சர் யூனுஸ்." ஒன்றுமில்லை. "குளியல்கூடத்து மன்சூர்." ஒன்றுமில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "காகிதக்கடை ரூஸ்பே," என்றேன்.

நாடி மான்குட்டியாகத் துள்ளியது.

"போச்சு! அவன் பேரைச் சொன்னா உன் நாடி குதிக்குது. வைத்தியம் என்னன்னு உனக்கே தெரியும். நான் விலகிக்கறேன். நானே போய் அவன்கிட்ட பேசறேன்."

அவள் தன் கையைக் குனிந்து பார்த்தாள். "ஏங்க ஹக்கீமே, கட்டைவிரலாலயா நாடி பாப்பாங்க?"

பார்த்தேன். பதற்றத்தில் மூன்று விரல் வைக்க வேண்டிய இடத்தில் கட்டைவிரலை அழுத்தியிருந்தேன். கட்டைவிரலுக்குச் சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. இது எங்கள் தொழிலில் முதல் வாரத்துப் பாடம். துள்ளியது என் நாடி.

"அப்போ அந்தப் பெருமூச்சு?"

"கடைவாய்ப் பல்லு. ஆறு நாளா உயிர் போகுது. சொன்னா குறடு எடுப்பீங்களே!"

அவள் என் மணிக்கட்டில் மூன்று விரல்களைச் சரியாக வைத்து, "ரூஸ்பே," என்றாள். துள்ளியது.

"உங்க புத்தகப்படி பாத்தா அவன் மேல ஆசை உங்களுக்குத்தான். பேசி முடிச்சுவைக்கவா?"

சிரித்ததில் அவளுக்கு வலி கூடிவிட்டது. கிராம்பெண்ணெய் தடவினேன். ஆறு இரவு அவளைத் தூங்கவிடாமல் தன்னையே நினைக்கவைத்த அந்தப் பல்லின் மேலும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.