நேற்று என்ன சாப்பிட்டீர்கள்

நானூற்று முப்பத்தெட்டு ரூபாய். பச்சையப்பன் விட்டுவிட்டுப் போன கடன் மொத்தமே அவ்வளவுதான். அதையும் சொன்னது கடன் கொடுத்தவள் இல்லை. அவர் தம்பி சக்திவேல் தோளில் ஈரத் துண்டோடு பந்தலுக்கு நடுவில் வந்து நின்று, "எங்க அண்ணன் யாருக்குனா குடுக்கவேண்டியது இருந்தா இப்பவே சொல்லிடுங்க. எடுத்தப்புறம் பேச்சு வரக்கூடாது" என்று கேட்டபோது, மார்க்கெட்டில் அவரோடு மூட்டை தூக்கும் விஜயன்தான் வாயைத் திறந்தான்.

"ரஞ்சிதக்கா டீக்கடையில பாக்கி இருக்குது. நானூத்தி முப்பத்தெட்டு. நேத்து சாய்ந்தரம் அவரேதான் சொல்லிகினு இருந்தாரு."

பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த ரஞ்சிதம் சீறினாள். "டேய் விஜயா, ஒன்னிய யார்ரா கேட்டாங்க? என் வாய இன்னா ஒனக்கு வாடகைக்கா உட்டுருக்கேன்?"

நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு எந்த வீடு என்று நினைவு வந்து, இருமுவதைப் போலப் பாவனை செய்தார்கள்.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மோனிஷா அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெற்ற தகப்பன் கிடக்கும்போது போனைப் பார்க்கிறாளே என்று யாரும் கேட்கவில்லை. பட்டணத்தில் படித்த பெண், யாருக்கோ தகவல் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். போனில் பானுப்ரியா எழுதியிருந்தாள்: 'மணவூர் தாண்டிட்டோம்டி. சுஜாதா மேடமும் வர்றாங்க. அழாத.'

மணவூரிலிருந்து ரயில் திருத்தணி வர முக்கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து இந்தத் தெருவுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அவள் எழுந்து சக்திவேலிடம் போனாள்.

"சித்தப்பா, சீக்கிரம் எடுத்துடலாமே."

"இன்னாமா அவசரம்? பொதட்டூர்பேட்டையிலேர்ந்து ஒங்க அத்த வந்துகினு இருக்குது. கூடப்பொறந்தவ கோடி போடாம எப்பிடி எடுக்கறது?"

"வெயில் ஏறிகினு போவுதே."

"வெயில் அவர இன்னாமா பண்ணப் போவுது? அந்த வெயில்லயே மூட்ட தூக்கனவரு."

பின்னால் ஒரு கிழவி மூக்கைச் சிந்திக்கொண்டு, "அப்பன் மேல வெயில் பட்டாக்கூட பொண்ணுக்குத் தாங்கல பாரு" என்றாள். மோனிஷா தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். ரயில் வந்து சேர்வதற்குள் அந்த முகம் தெருவை விட்டுப் போய்விட வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். அது அவளுக்கும் தெரியும். அங்கே கண்ணை மூடிக் கிடக்கிறவருக்கும் தெரியுமோ என்னவோ.

உணவியல் படித்துவிட்டு ஆறு மாதப் பயிற்சியில் இருந்தாள் மோனிஷா. முதல் மூன்று மாதம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் சோற்றை எடை போட்டுத் தருவாள். மூக்கில் குழாய் போட்டவர்களுக்குக் கஞ்சியை மில்லி கணக்கில் அளப்பாள். அப்புறம் ஒரு மாதம் அங்கன்வாடியில் குழந்தைகளுக்குக் கைச்சுற்றளவு எடுத்தாள். அது முடிந்ததும் ஊர் ஊராகச் சர்க்கரை நோய் முகாம். விடுதிக்குப் போன முதல் நாளே, அப்பா என்ன செய்கிறார் என்று கூடப் பயிற்சிக்கு வந்த பானுப்ரியா கேட்டாள். காய்கறி மண்டி வைத்திருக்கிறார் என்று மோனிஷா சொல்லிவிட்டாள். மண்டிதான். அதில் மூட்டை தூக்குகிறவர் என்ற மிச்சத்தை மட்டும் முழுங்கிக்கொண்டாள். முழுங்கினது ஆறு மாதமாகியும் செரிக்கவில்லை.

ஒன்பது நாளைக்கு முன்னால் முகாம் திருத்தணிக்கே வந்தது, கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு கல்யாண மண்டபத்தில். நைனாவிடம் அவள் சொல்லவில்லை. ஆட்டோவில் மைக் வைத்துக் கத்திக்கொண்டு போனதைக் கேட்டு அவரே வந்துவிட்டார். ஆடிக் கிருத்திகைக்கு மட்டும் எடுக்கிற வெள்ளைச் சட்டை. தலைக்கு எண்ணெய். நாலு மேசையில் நாலு வரிசை இருக்க, அவளுடைய வரிசையில்தான் முக்கால் மணி நேரம் நின்றார். அவருடைய முறை வந்தபோது பயிற்சிக்குப் பொறுப்பான சுஜாதா மேடம் மோனிஷாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். பக்கத்து மேசையில் பானுப்ரியா.

மோனிஷா பேனாவை எடுத்தாள். "பேர் என்ன?"

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். ஒரே கணம்தான். "பச்சையப்பன், மேடம்."

"வயசு?"

"அம்பத்தி நாலு ஆவுது மேடம்."

"நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன சாப்பிட்டீங்க?"

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளை போலக் கண்ணை மூடினார்.

"காலையில இட்லி மூணு, முட்ட வெள்ளக்கரு ஒண்ணு. பதினோரு மணிக்கு மோரு ஒரு டம்ளரு. மதியத்துக்கு சோறு ஒரு கப்பு, கீர ஒரு கப்பு, பருப்பு அர கப்பு. ராத்திரி சப்பாத்தி ரெண்டு. படுக்கறப்போ ஆட நீக்கன பாலு நூறு மில்லி."

 போன வருஷம் கல்லூரிக்காக மோனிஷா எழுதிய உணவுப் பட்டியல் அது. ஒரு பிரதியை வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒட்டி, "நைனா, இதும்படி துண்ணு, சர்க்கர எறங்கிடும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். முப்பது வயதுக்கு மேல் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட மனிதர், வரிசை மாறாமல் ஒப்பித்துவிட்டார். மகளுக்கு ஏதோ பரீட்சை நடக்கிறது, பின்னால் நிற்கிற மேடம் மார்க் போடுகிறார், தான் சரியாகச் சொன்னால் பிள்ளை தேறிவிடும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அம்மா அம்சா செத்துப்போன பிறகு அந்த வீட்டில் யாரும் பால் காய்ச்சியதில்லை. 'சாப்பிட்டதைச் சொல்லும்போது வாயை நம்பாதே, திருப்பிக் கேள், கப் எவ்வளவு பெரியது என்று கேள், யார் சமைத்தது என்று கேள்' என்பதுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பால் யார் காய்ச்சினது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் அவர் திணறுவார். திணறினால் "மோனி" என்று கூப்பிட்டுவிடுவார். அவள் குனிந்து, சொன்னதை எல்லாம் அழகான கையெழுத்தில் எழுதினாள்.

"பாரு, எவ்வளவு தெளிவா சொல்றார்!" என்றார் சுஜாதா மேடம். "மோனிஷா, இந்த மாசம் நீ இவரைப் பத்தியே வகுப்புல பேசு."

அடுத்த மேசையில் டாக்டர் அந்தத் தாளைப் பார்த்தார். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிற ஆளுக்குச் சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று யோசித்தார். ராத்திரி போடும் இன்சுலின் ஊசியைப் பத்து யூனிட்டிலிருந்து பதினாறாக ஏற்றி எழுதினார்.

இன்று விடியற்காலை மூன்று மணிக்கு மார்க்கெட்டுக்கு வராதவரைத் தேடிக்கொண்டு விஜயன் வந்திருக்கிறான். வருகிறவர்களிடம் எல்லாம் அவன் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். "ஃபேன் ஓடிகினுதான் இருந்துச்சி. ஆனா சட்ட தொப்பலா நனஞ்சிருந்துச்சிங்க, கெணத்துலேர்ந்து தூக்கனா மாரி."

"நெஞ்சு வலியா இருக்கும்" என்றார்கள். "தூக்கத்துலயே போறதுன்னா குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்கள். ஊசி போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் படுத்தால் சர்க்கரை அடியோடு இறங்கி உடம்பு எப்படி வியர்க்கும் என்று படித்தவள் அந்தப் பந்தலில் ஒருத்திதான் இருந்தாள்.

ரஞ்சிதம் நகர்ந்து வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவன் சொன்னத மனசுல வெச்சிக்காத கண்ணு. அதெல்லாம் ஒரு துட்டா?"

"நோட்டு இருக்குதாக்கா? காட்டுங்க."

"இப்ப எதுக்கு அது?"

"பாக்கணும்."

கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவள் ரஞ்சிதம். கணக்கு நோட்டு இடுப்பிலேயே செருகியிருந்தது. எடுத்துக் கொடுத்தாள். பச்சையப்பன் பக்கத்தில் பதினாறு நாள் கணக்கு. டீ, டீ, டீ, போண்டா, டீ, டீ. மோனிஷாவின் கண் பழக்கத்தில் கூட்டிப்போட்டது. இருபத்தொன்பது டீ. ஆறு போண்டா. சர்க்கரை போட்ட டீயா, போடாததா என்று கூட அந்த நோட்டில் இருந்தது. ஒவ்வொரு டீக்கும் எதிரில் ஒரு 'ச'.

"ராத்திரி ஒங்க கடையில சாப்டறேன்னு எங்கிட்ட சொல்வாரே."

"எங்க? 'ஒரு டீ போடு ரஞ்சிதம், அதுவே வயிறு ரொம்பிடும்'பாரு. நானும் கத்துவேன். 'எம்பொண்ணுக்குக் கடசித் தவண பீஸு கட்டணும், அதுக்கப்புறம் பாரு, ஒன் கடையவே துண்ணுடறேன்'னு சிரிப்பாரு."

பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வரி மாறியிருந்தது. இட்லி ஒரு செட்டு, முப்பது ரூபாய். தேதியைப் பார்த்தாள். ஒன்பது நாளைக்கு முன்னால்.

"அன்னிக்கு மட்டுந்தான்" என்றாள் ரஞ்சிதம். "வெள்ளச் சட்ட போட்டுகினு வந்தாரு. 'எம்பொண்ணு டாக்டருங்களுக்குச் சரிசமமா ஒக்காந்துகினு எம்பேரக் கேட்டுச்சி ரஞ்சிதம், என்னியவே கேட்டுச்சி, அப்பிடியே ஆபீசரு மாரி'ன்னு சொல்லிகினு மூணு இட்லி துண்ணாரு."

மோனிஷா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

அத்தை மாரில் அடித்துக்கொண்டு வந்து கோடித்துணியைப் போட்டாள். மேளம் ஏறியது. குளிப்பாட்டி, நெற்றியில் பட்டையாக விபூதி பூசினார்கள். வாய்க்கரிசி போடப் பெண்களைக் கூப்பிட்டார்கள். முதலில் மகள். முறத்திலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளினாள். முப்பது கிராம் என்று கை சொன்னது. அவள் கையை உதறினாள்; பாதி கீழே கொட்டிப்போனது. "மெதுவா போடுமா" என்றார் சக்திவேல். மிச்சத்தை நைனாவின் உதட்டின் மேல் வைத்தாள்.

எல்லாரும் போட்டு முடிந்ததும் சித்தி பிரேமா முகத்தை மூடத் துணியை இழுத்தாள். அதே நேரத்தில் தெருமுனையில் ஆட்டோ வந்து நின்றது. பானுப்ரியா கையில் மாலை. பின்னால் சுஜாதா மேடம், புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியபடி. கூட்டத்துக்குள் நுழைந்து வர அவர்களுக்கு ஒரு நிமிடம் ஆகும். துணி கழுத்துவரை வந்துவிட்டது. மோனிஷா சும்மா இருந்தால் போதும்.

"மூடாத சித்தி" என்றாள். "இன்னும் ரெண்டு பேரு பாக்கணும்."

"நேரமாவுதுமா."

"ஆவட்டும்."

சுஜாதா மேடம் மாலையை வாங்கிக் குனிந்து வைத்தார். நிமிரும்போது பாதியில் நின்றார். அந்த முகத்தையும் மோனிஷாவையும் மாறி மாறிப் பார்த்தார். பானுப்ரியாவின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"இவர் அன்னைக்கு முகாம்ல..."

"ஆங் மேடம். எங்க நைனா. மண்டியில மூட்ட தூக்கறவரு." அவளுடைய குரல் சென்னையில் கற்றுக்கொண்டதை எல்லாம் விட்டுவிட்டிருந்தது. "நான் எழுதிக்கினது பொய்யி மேடம். எழுதறப்பவே எனக்குத் தெரியும்."

"இப்ப வேணாம்மா."

"இப்பவே பாத்துடுங்க." நோட்டைப் பிரித்து நீட்டினாள். "இதுதான் அவரு சாப்ட்டது."

சுஜாதா மேடம் வாங்கிப் படித்தார். கீழ்வரைக்கும் படித்தார். பிறகு எங்கே போட்டது என்று தெரியாமல் கண்ணாடியைத் தேடுவது போல நெற்றியைத் தடவினார். கண்ணாடி கண்ணில்தான் இருந்தது. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தார்.

எடுத்தார்கள். பெண்கள் தெருமுனைவரை போய்த் திரும்பினார்கள். வாசலைக் கழுவிவிட்டார்கள். எல்லாரும் தலை முழுகப் போன நேரத்தில் ரஞ்சிதம் மட்டும் வாசல் கல்லில் உட்கார்ந்து, மோனிஷாவிடமிருந்து நோட்டை வாங்கிப் பிரித்தாள்.

"பேனா குடு. ஒங்க சித்தப்பன் கேட்டுட்டாரு, நாலு பேரு காதுல உழுந்துடுச்சி. இத முடிச்சிடலாம்."

மோனிஷா பையைத் திறந்தாள். "நான் குடுத்துடறேங்கா. மொத்தமும்."

"கம்முனு இரு." ரஞ்சிதம் பேனாவை வாங்கி ஒவ்வொரு டீயாக அடித்துக்கொண்டே வந்தாள். போண்டாவையும் அடித்தாள். நடுவில் அந்த ஒரு வரிக்கு வந்ததும் தாண்டிப் போய்க் கீழே இருந்ததை எல்லாம் அடித்தாள். "டீ காசு எனக்கு வேணா. இந்த இட்லிக்கு மட்டும் குடு. அது நீ வாங்கிக் குடுத்தது."

பையில் ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது. சில்லறை எடுக்க மோனிஷா உள்ளே போனாள். கதவைத் தள்ளியபோது பின்னால் பட்டியல் அப்படியே ஒட்டியிருந்தது. வரிக்கு வரி, எழுத்துக்குக் கீழே விரல் ஓடிய அழுக்குக் கோடு. 'ஆடை நீக்கிய' என்ற இடத்தில் தாள் தேய்ந்து மெலிந்து போயிருந்தது.

வெளியே வந்து மூன்று பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்தாள். ரஞ்சிதம் எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு நோட்டை முட்டி மேல் வைத்து, இட்லி என்று இருந்த வரியின் மேல், எழுத்து தெரிகிற மாதிரி, மெல்லிசாக ஒரு கோடு போட்டாள்.