சூளகிரிப் பாலத்தில் ஊதிய கொம்பு

என் வீட்டுக்காரர் வெங்கட் செத்துப் பதினாறு நாள் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. அழுது தீர்த்துவிடு என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். அழுகை வந்தால் அழ மாட்டேனா? மரத்துப்போய்க் கிடக்கிறேன். அவர்கள் போனதும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, அவர் காரில் கேட்டதையெல்லாம் போனில் கேட்கிறேன். துக்க வீட்டில் பாட்டு கேட்கிறாள் என்று பக்கத்து வீட்டு நாகம்மாள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். சொல்லட்டும்.

பாட்டு இல்லை, சிம்பொனி. வெங்கட் கம்பெனி கார் ஓட்டியவர். ஊருக்குத் திரும்பிய வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. ஒரே சிம்பொனி, நடத்துகிற கண்டக்டரும் ஒருவரே, ரெக்கார்டிங் மட்டும் இரண்டு. முப்பத்தெட்டாம் வருஷம் அரங்கத்தில் ஜனங்கள் முன்னால் வாசித்தது ஒன்று. அறுபத்தொன்றில், அந்த மனுஷன் கிழவரான பிறகு, ஸ்டுடியோவில் வாசித்தது இன்னொன்று. "டிரைவருக்கு ஏத்த கண்டக்டர்தான் கெடச்சிருக்காரு" என்று நான் கிண்டல் செய்வேன்.

வெங்கட் இரண்டையும் ரோட்டை வைத்து அளந்தார். வீட்டுக்கு வரும்போது ஓசூர் தர்கா தாண்டியதும் போடுவார். நடுவில் எல்லா வாத்தியமும் அடங்கி, கொம்பு மட்டும் தனியாக ஊதும் ஓர் இடம் வரும். "வயசுல அவருக்கு அவசரம். கோனேரிப்பள்ளியிலயே கொம்பு வந்துடும். கிழவரு நிதானம், சூளகிரிப் பாலம் வந்தாத்தான் ஊதுவாரு" என்பார். கண்டக்டரின் வேகம் மாறுமே தவிர வெங்கட்டின் வேகம் மாறாது. அறுபதைத் தாண்ட மாட்டார். அதற்கும் திட்டுவேன். நான் சொல்லி அவர் எதைக் கேட்டிருக்கிறார்?

அன்றைக்கு எனக்கு செகண்ட் ஷிப்ட். கிருஷ்ணகிரியில் எங்கள் வீடு. அவர் வந்து குழந்தை ஹரிணியைப் பார்த்துக்கொண்டால்தான் நான் கம்பெனி பஸ் பிடிக்க முடியும். போன் போட்டு, "எப்பப் பாத்தாலும் லேட்டு. இன்னிக்காவது சீக்கிரம் வாங்க" என்று கத்தினேன். தர்காகிட்ட இருக்கேன், வந்துடறேன் என்றார். சூளகிரிப் பாலத்தில் ஒரு லாரி குறுக்கே திரும்பிவிட்டது. தப்பு லாரிமேல்தான் என்று போலீஸே எழுதிவிட்டது. கம்பெனி பஸ்ஸும் அன்றைக்கு அரை மணி நேரம் லேட்.

காரின் பின் சீட்டில் இருந்த டிரெய்னி லாவண்யா, இடித்தபோது கொம்பு ஊதிக்கொண்டிருந்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னாள். அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கிழவர் வாசித்தது என்றால் வெங்கட் வழக்கம்போல நிதானமாக வந்திருக்கிறார். பழையது என்றால், கோனேரிப்பள்ளியில் கேட்க வேண்டிய கொம்பு கேட்கும்போதே பாலத்துக்கு வந்துவிட்டார். அப்படியானால் நான் கத்தியதால்தான் விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

கியர்பாக்ஸ் சத்தத்தைக் கேட்டு நல்லது கெட்டது பிரிப்பது என் வேலை. இரண்டையும் கேட்டுக் கேட்டுப் பிரித்துவைத்தேன். கிழவருடையதில் ஒரு பிசிறு கிடையாது. பழையதில் ஒரே இரைச்சல். கொம்புக்குச் சற்று முன்னால் ஜனங்களில் யாரோ இருமுகிறார்கள், இரண்டு தரம். அன்றைக்கு ஓடியது கிழவருடையதாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் லாவண்யா கையில் கட்டோடு வந்தாள். அவளிடம் கேட்கப் பயமாக இருந்தது. டீ போட்டுக் கொடுத்தேன். அவளாகவே ஆரம்பித்தாள்.

"அண்ணன் கடைசி வரைக்கும் சிரிச்சிக்கினே வந்தாருக்கா. யாரோ இருமற சத்தம் கேட்டுச்சி. தண்ணி வேணுமாண்ணான்னு பாட்டிலை நீட்டினேன். 'நான் இல்லம்மா, பாட்டுல எவனோ இருமறான்'னாரு. அப்புறம் அந்தக் கொம்பு..."

"சக்கரை போதுமா?" என்று கேட்டேன்.

போதும் என்றாள். அண்ணன் நிதானமாகத்தான் ஓட்டினார், ஒரு தப்பும் இல்லை என்று ஆறுதல் சொன்னாள். நல்ல பெண். தலையாட்டினேன். அவள் போனதும் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். என் பேச்சைக் கேட்டதே இல்லை என்று அவரைத் திட்டாத நாள் இல்லை. அன்றைக்கு ஒரு நாள் கேட்டிருக்கிறார்.