அடுத்த மாடல் வரட்டும்

கடையில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ஜோசியர்’ என்றால்தான் திரும்புவான். கைரேகை பார்க்கிற ஜோசியர் இல்லை, கம்ப்யூட்டர் ஜோசியர். ரிப்பேர் கடையில் ஸ்க்ரூடிரைவரும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, எந்தக் கம்பெனி அடுத்து என்ன விடப்போகிறது, அதில் மெமரி எவ்வளவு இருக்கும், விசிறி சத்தம் போடுமா போடாதா என்று கம்பெனிக்காரனே யோசிக்காததையெல்லாம் யோசித்துச் சொல்வான். பாதிக்குப் பாதி பலிக்கும். பலிக்காததை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. ஜோசியத்தில் அது ஒரு வசதி.

யாராவது வந்து, “இப்ப வாங்கலாமா தம்பி?” என்று கேட்டுவிட்டால் போதும். “கொஞ்சம் பொறுங்க சார், அடுத்த மாடல் வரட்டும்” என்பான். “வர்ற வியாபாரத்தையும் ஏன்டா கெடுக்கறே?” என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவனுக்கு ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரத்தில் போன் வந்தது. தெரியாத நம்பர்.

“நான்தான்டா” என்றது குரல்.

அக்கா. கூடப்பிறந்த ஒரே அக்கா. பேசி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் தனக்குப் பிடித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவரையும் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கு நின்றுபோன பேச்சு. அப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் வீட்டுக்கு ஆம்பளை தான்தான் என்று இவனுக்கு ஒரு நினைப்பு. மீசை முளைத்த திமிர், வேறென்ன? “யாரைக் கேட்டு இங்க வந்தே?” என்று ஒரு வார்த்தை கேட்டான், கதவைச் சாத்தினான். வெளியே நின்று அவள் “அம்மா, அம்மா” என்று கூப்பிட்டது உள்ளே நன்றாகவே கேட்டது. அம்மா சமையலறையில்தான் இருந்தாள். வரவில்லை.

திமிரெல்லாம் ஒரு வருஷத்திலேயே இறங்கிவிட்டது. ஆனால் இறங்கின திமிரை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு போய் நிற்பது? இவன் போகவில்லை. அம்மாவும் போகவில்லை. பஸ்ஸில் போனால் அரைமணி நேரம்கூட ஆகாத இடத்தில்தான் அக்கா இருந்தாள்.

இப்போது போனில் அவள். “நல்லா இருக்கியாக்கா?” என்று கேட்டிருக்கலாம். “தப்புப் பண்ணிட்டேன்” என்று சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு புரளவில்லை. அவளே பேசினாள்.

“உனக்குக் கம்ப்யூட்டர் பத்தி நல்லாத் தெரியும்னு சொன்னாங்க. இந்த உள்ளங்கை அகலத்துல ஒரு சின்னப் பெட்டி விக்கிறானே, அதை வாங்கலாமா? அச்சகத்துக்கு வீட்டுலேருந்தே டைப் அடிச்சுப் பக்கம் கட்டிக் குடுக்கறேன். என் பழைய மெஷினை ஆன் பண்ணிட்டு உலை வெச்சா, சோறு வெந்து முடிஞ்ச பிறகுதான் திரை வெளிச்சமாகுது. விசிறி வேற வெந்நீர்ப் பானை மாதிரி இரையுது.”

அப்பாடா என்றிருந்தது இவனுக்கு. கேள்வி தெரிந்த பாடத்திலிருந்து வந்துவிட்டது. “அவசரப்படாதேக்கா. புதுசு ஒண்ணு வரப்போகுது. மெமரி ரெட்டிப்பாம். முன்பக்கம் ரெண்டு ஓட்டை வைக்கிறானாம், பென் டிரைவ் சொருகறதுக்கு ஒவ்வொரு தடவையும் பின்னாடி தடவ வேண்டாம்” என்று ஆரம்பித்தவன், சாப்பாடு ஆறி அவலாய்ப் போகிறவரை நிறுத்தவில்லை.

“சரி, நீ சொன்னா சரிதான். அடுத்த வாரம் கேக்கறேன்” என்று வைத்தாள்.

அடுத்த வாரமும் கேட்டாள். அதற்கடுத்த வாரமும் கேட்டாள். அக்காவும் தம்பியும் பேசின பேச்சை யாராவது ஒட்டுக்கேட்டிருந்தால் இவர்கள் ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கம்பெனியையே வாங்கப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். பவர் பட்டனைப் பெட்டிக்குப் பின்னால் வைப்பானா, அடியில் வைப்பானா என்று ஒரு மத்தியானம் பூரா சண்டை. “அடியில வெச்சா அவனுக்கு மூளை இருக்காடா? தூக்கித் தூக்கியா அமுக்கறது?” “ஒரு நாளைக்கு எத்தனை தடவைக்கா அமுக்குவே?” “நான் அமுக்குவேன், அமுக்காம இருப்பேன், அது என் இஷ்டம்.” சின்ன வயதில் ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போட்ட அதே அக்கா. இவனுக்குச் சிரிப்பு வந்தது.

ஒருநாள் வாய் தவறி, “அத்தான் என்ன சொல்றார்?” என்று கேட்டுவிட்டான். மெல்ல, “ஸ்பீக்கர் நல்லா இருக்கணுமாம் உங்க அத்தானுக்கு” என்றாள். குரல் உடைந்திருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? இவன் உடனே ஸ்பீக்கரின் லட்சணங்களை விவரிக்க ஆரம்பித்துவிட்டான்.

அம்மாவிடம் மறைக்கவில்லை. முதல் போன் வந்த அன்றைக்கே சொன்னான். அம்மா கையில் இருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்னடா சொன்னா? என்னைக் கேட்டாளா?”

“கம்ப்யூட்டர் வாங்கலாமான்னு கேட்டாம்மா.”

“நீ என்ன சொன்னே?”

“அடுத்த மாடல் வரட்டும்னேன்.”

அம்மா துணியைக் கீழே வைத்தாள். “ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வரலாமாடா? என்னைக் கூட்டிட்டுப் போறியா? அவ கூப்பிட்டப்ப நான் வெளிய வரல. அது உள்ளேயே கெடந்து அறுக்குது.”

போகவேண்டும்தான். ஆனால் வாசலில் போய் நின்றால், சாத்தின கதவுக்குப் பதில் சொல்லியாகவேண்டும். போனில் பென் டிரைவ் ஓட்டை பற்றிப் பேசுவது எவ்வளவு சௌகரியம்! “வெறுங்கையோட எப்படிம்மா போறது? அந்தப் பெட்டி வரட்டும். நானே வாங்கி எடுத்துட்டு, ரெண்டு பேருமா நேராப் போய் நிப்போம். அவளால முகத்தைத் திருப்பிக்க முடியாது” என்றான். கேட்கிறதற்கு நன்றாகத்தான் இருந்தது. அம்மாவும் நம்பினாள், இவனும் நம்பினான்.

அதிலிருந்து தினமும் இவன் செருப்பைக் கழற்றுகிறபோதே உள்ளேயிருந்து கேள்வி வந்துவிடும். “பெட்டி வந்துடுச்சாடா?”

“இல்லம்மா, இன்னும் அறிவிக்கல.”

மெமரி என்றால் என்ன, சிப் என்றால் என்ன என்று தெரியாத அம்மா எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம், “இப்ப இருக்கறது வேண்டாம், மெமரி ரெட்டிப்பா ஒண்ணு வருது, நாங்க அதுக்குத்தான் காத்திருக்கோம்” என்று பெருமையாகச் சொன்னாள். கண்ணாடி மாற்றிக்கொள்ளவேண்டும் என்று அடம்பிடித்து மாற்றிக்கொண்டாள். “அவ முகம் மங்கலாத் தெரிஞ்சா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

ஒரு வருஷம் போலக் கழித்துப் பெட்டி வந்தது. ஜோசியர் சொன்னதெல்லாம் அப்படியே பலித்திருந்தது. மெமரி ரெட்டிப்பு, முன்னால் ரெண்டு ஓட்டை எல்லாமே. கடையில் ஒரே கும்மாளம். முதலாளியே டீ வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

“வந்துடுச்சாமே! வாங்கிடட்டுமா?”

இவன் வாயைத் திறந்தான். வாங்கு என்று சொன்னால் வாங்கிவிடுவாள். அதற்கப்புறம் எதைக் கேட்டு அடுத்த வாரம் கூப்பிடுவாள்? நாமே எடுத்துக்கொண்டு போனால் வாசலில் நிற்கவேண்டும், சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டும். பாவி, என்ன சொன்னான் தெரியுமா?

“இது சுமார்தான்க்கா. சூடாகுதுன்னு பேசிக்கறாங்க. அடுத்ததுல சரி பண்ணிடுவான். பொறுத்தது பொறுத்தே, இன்னும் கொஞ்சம் பொறு.”

சூடாகிறது என்று ஒருத்தரும் பேசிக்கொள்ளவில்லை. பச்சைப் பொய். “சரிடா, பொறுத்துக்கறேன்” என்றாள் அக்கா. அவள் குரலில் ஒரு சந்தோஷம் இருந்தமாதிரிகூட இவனுக்குத் தோன்றியது. பிரமையாக இருக்கும் என்று விட்டுவிட்டான்.

அம்மாவிடமும் அதையே சொன்னான். அம்மா மட்டும் சந்தோஷப்படவில்லை. “சூடானா என்னடா? பக்கத்துல ஒரு ஃபேன் வெச்சுக்கமாட்டாளா?” என்றாள். இவன் சட்டையை மாற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டான்.

அடுத்த மாடல் பற்றிய பேச்சு வழக்கம்போல ஆரம்பித்து, இன்னொரு வருஷம் வளர்ந்து, தேதிகூடக் கசிந்த சமயத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல். பிறகு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தான். டாக்டர் பயப்படவேண்டாம் என்றார்; நாலு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

“அவளைக் கூப்பிடேன்டா” என்றாள் அம்மா, மூச்சுக்கு நடுவில்.

“நாலே நாள்மா. வீட்டுக்கு வந்துடு. பெட்டியும் அடுத்த வாரம் வந்துடுது. ஜம்முனு போலாம்.”

அம்மா தலையை ஆட்டினாள். இவன் மருந்து வாங்க வெளியே வந்தபோது போன் அடித்தது. அக்காவேதான். அதே மத்தியான நேரம்.

“என்னடா ஒரே இரைச்சலா இருக்கு, எங்க இருக்கே?”

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா. போனில் அக்கா. ஒரே ஒரு வார்த்தை போதும். சொன்னால் அலறி அடித்துக்கொண்டு ஓடி வருவாள். இத்தனை வருஷம் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவிலா அக்காவை முதல்முதலாகப் பார்ப்பது? நாலு நாள்தானே?

“கடையிலதான்க்கா. கூட்டம்.”

“சரி, அந்த விசிறி விஷயம் என்ன ஆச்சு? மாத்தறானா?”

“மாத்தறான்க்கா. சத்தமே கேக்காதாம்.” அந்த வராந்தாவில் நின்றுகொண்டு, கையில் மருந்துச் சீட்டோடு, விசிறியைப் பற்றிப் பேசினான்.

மறுநாள் காலையில் அம்மா போய்விட்டாள்.

அக்கா வந்தாள். இவன் போனில் என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்று இவனுக்கே நினைவில்லை. வாசலில் ஒரு கணம் தயங்கி நின்றாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. அழுதழுது குரலே போய்விட்டது. அத்தான் ஓடியாடி எல்லா வேலையும் பார்த்தார். போகும்போது அக்கா இவன் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

மத்தியானங்களில் போன் வருவது நின்றது. ஒரு வாரம் பார்த்தான், ரெண்டு வாரம் பார்த்தான். கடையில் யாரோ, “ஜோசியரே, புதுசு வந்துடுச்சு, அச்சு அசலா நீங்க சொன்ன மாதிரியே!” என்று கத்தினார்கள். இவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் போய் ஒன்று வாங்கினான். அட்டைப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினான். உட்கார்ந்த சூடு ஏறுவதற்குள் இடம் வந்துவிட்டது. இவ்வளவு பக்கமா!

அக்காதான் கதவைத் திறந்தாள். “உள்ள வா” என்றாள்.

சின்ன வீடு. ஜன்னலோரம் மேஜை, அதன் மேல் அச்சகத்துத் தாள்கள், ஒரு திரை. திரையில் பாதி கட்டின பக்கம் ஒன்று தெரிந்தது. இவன் கண் தொழில்காரன் கண். திரைக்குக் கீழே போயிற்று. உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னப் பெட்டி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் ஓட்டை இல்லாத மாடல். அவள் முதன்முதலில் வாங்கலாமா என்று கேட்ட மாடல். ஓரமெல்லாம் தேய்ந்து, அவள் பொட்டு ஒன்று ஒட்டி, நன்றாகப் பழகிப்போன பெட்டி.

“இது எப்பக்கா வாங்கினே?”

அக்கா முந்தானையால் மேஜையைத் துடைத்தாள். துடைக்க அங்கே ஒன்றும் இல்லை. “உனக்கு மொதல்ல போன் பண்ணினேனே, அதுக்கு முந்தின வாரம்.”

“அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டே?”

“வேற என்னத்தைக் கேட்டுடா உனக்குப் போன் பண்றது? ஏன் கதவைச் சாத்தினேன்னா கேக்க முடியும்? நீயா ஒருநாள் ‘வாக்கா’ன்னு சொல்லுவேன்னு பாத்தேன். நீ அடுத்த மாடல், அடுத்த மாடல்னே. சரி, அடுத்த மாடல் வர்ற வரைக்கும் தம்பி பேசுவான்ல, அது போதும்னு இருந்தேன்.”

இவன் நாற்காலியில் உட்கார்ந்து, கொண்டுவந்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். விசிறி இரைச்சலை வைத்தே மெஷினின் வியாதியைச் சொல்கிறவன். வெந்நீர்ப் பானை மாதிரி இரைகிறது என்று அவள் புலம்பின மெஷினின் சத்தம் ஒருநாளாவது போனில் கேட்டிருக்கிறதா என்று யோசித்தானா?

“என்னை மன்னிச்சுடுக்கா” என்றான். இத்தனை வருஷம் புரளாத நாக்கு, யாருக்கும் உதவாத நாளில் புரண்டது.

“அம்மா என்னைப் பத்திக் கேட்டாங்களாடா? ஒரு தடவையாவது?” என்றாள்.

சொல்லாமல் இருக்கலாம். பொய்கூடச் சொல்லலாம், பழக்கம்தானே. ஆனால் முடியவில்லை.

“தெனம் கேட்டாங்கக்கா. உன்னைப் பாக்கக் கூட்டிட்டுப் போடான்னாங்க. நான்தான்... புதுப் பெட்டி வந்ததும் அதை எடுத்துட்டுப் போலாம்னு சொல்லி வெச்சிருந்தேன். தெனம் நான் வீட்டுக்குள்ள நுழையறப்போ, பெட்டி வந்துடுச்சாடான்னு கேப்பாங்க. ஆஸ்பத்திரியிலகூட...”

அக்கா திரும்பி மேஜையைப் பார்த்தாள். அந்தப் பழைய பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

“வந்து ரெண்டு வருஷம் ஆச்சேடா” என்றாள்.