முழுங்கிய ‘கூடாது’

குழாயைத் திறந்தால் நகப்பூச்சு வாசனை அடித்தது. தெருவில் பாதிப் பேர் பக்கத்து வீட்டு மருமகளைச் சந்தேகப்பட்டார்கள். அந்த மருமகள் தன் மாமியாரைச் சந்தேகப்பட்டாள். தண்ணீரைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் குடிநீர் அலுவலகத்துக்குப் புகார் போயிற்று. அரசாங்கம் சும்மா இருக்குமா? முகர்ந்து பார்க்க ஒரு குழுவே போட்டது. குழுத் தலைவரான பெரிய அதிகாரிக்கு அன்றைக்கென்று பார்த்துக் கடும் ஜலதோஷம். டம்ளருக்குள் மூக்கை விட்டு எடுத்து, “சுத்தமா ஒண்ணுமே தெரியலையே” என்றார். கூட இருந்தவர்கள் ‘சுத்தம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் சுத்தம் என்று எழுதிவிட்டார்கள்.

நல்ல வேளை, பரிசோதனைக்கூடத்து அம்மாள் ஓடி வந்து மேஜையைத் தட்டினாள். “பெயிண்ட் தொழிற்சாலைத் தொட்டி ஒழுகி ஏரியில கலந்திருக்கு சார்! காய்ச்சினா சாகறதுக்கு இது கிருமியா? ரசாயனம். தண்ணிதான் வத்தும், விஷம் அப்படியே உக்காந்திருக்கும்.”

அதிகாரிக்குத் தும்மலே நின்றுபோயிற்று. உடனே நல்ல தண்ணீர் லாரிக்கு ஆள் அனுப்பினார். ஊருக்கு அறிவிக்க ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவையும், அறிவிப்பாளரையும் கூப்பிட்டார்.

“குடிக்காதீங்கன்னு சொன்னா போதாதா சார்?” என்றார் அறிவிப்பாளர்.

“அரசாங்கம் அப்படி வெடுக்குனு பேசலாமாய்யா? கௌரவமா இருக்கணும்.” யோசித்து யோசித்து அதிகாரி ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தார். ‘பொதுமக்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும் கூடாது.’

வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் வாசிக்கப்போகிறவர் யார்? அவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயரே முழுங்கி. சோற்றை அல்ல, எதைச் சொன்னாலும் கடைசி வார்த்தையை முழுங்கிவிடுவார். வீட்டில், “உன் சமையல்ல எனக்குக் குறை…” என்று நிறுத்துவார். “குறையா? என்ன குறை?” என்று மனைவி கரண்டியோடு வந்து நின்ற பிறகுதான் “…ஏதும் இல்லை” வெளியே வரும். கல்யாணமான புதிதில் இதனாலேயே அவள் எத்தனையோ தடவை பெட்டியைக் கட்டியிருக்கிறாள். மைக்கிலும் அதே கதைதான். வாய் முடிக்கும் முன்பே கட்டைவிரல் பொத்தானை விட்டுவிடும்.

ஆட்டோ முதலில் அவருடைய தெருவுக்குத்தான் போயிற்று. மனைவி கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் கூடுதலாகவே கனைத்துக்கொண்டார். பிறகு தெருத் தெருவாக ஊர்வலம். கடைசித் தெருவில் ஒரு பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு ஓடி வந்தாள்.

“அண்ணே, எவ்வளவு நேரம் கொதிக்கணும்?”

“எதும்மா?”

“தண்ணிதான். காய்ச்சிக் குடிக்கவும்னு நீங்கதானே கத்திட்டுப் போனீங்க?”

முழுங்கி ஓட்டுநரின் தோளைப் பிடித்து உலுக்கினார். ஆட்டோ ஓட்டுநர் நிதானமாகத் திரும்பினார். “நானும் அப்படித்தான் கேட்டேன். இதைச் சொல்ல ஒரு ஆட்டோவான்னு நினைச்சேன்.”

“கூடாதும்மா! கீழ கொட்டு!” என்று அந்தப் பெண்ணிடம் அலறினார். அலறும்போதே வீட்டு ஞாபகம் வந்தது. அவர் மனைவி தொண்டைக்கு இதமாக இருக்கும் என்று எப்போதும் வெந்நீர்தான் குடிப்பாள். அவர் பேச்சைக் கேட்காதவள்தான். ஆனால் இன்றைக்குப் பேசினது அவரா? அரசாங்கமல்லவா!

“வீட்டுக்கு விடுய்யா!”

முழு வாக்கியத்துக்கு மூச்சு இல்லை. பொத்தானை நசுக்கிப் பிடித்து, “கூடாது! கூடாது!” என்று மட்டும் கத்திக்கொண்டே போனார். ஊர் அப்படியே உறைந்தது. துப்ப வாயைக் குவித்தவர் எச்சிலை முழுங்கினார். சந்து முனையில் குசுகுசுத்த காதல் ஜோடி ஆளுக்கொரு பக்கம் ஓடியது. முடிதிருத்துபவர் கத்திரியை அந்தரத்தில் நிறுத்தி, “எது கூடாதுன்னு சொல்லிட்டுப் போய்யா!” என்று கத்தினார்.

ஆட்டோ முழுங்கியின் தெருவுக்குள் நுழைந்தது. அவர் வீட்டு வாசலில் பெரிய கூட்டம். பதறிப்போய் இறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினார்.

நடுவில் முக்காலி போட்டு அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். கையில் டம்ளர் நிறையக் காய்ச்சின தண்ணீர். சுற்றிலும் ஆளுக்கொரு பாத்திரத்தோடு அக்கம்பக்கத்தார். எல்லாப் பாத்திரத்திலும் தண்ணீர் ஆறிப்போய் ஆடை கட்டாத குறை.

“கூ… கூ…” என்றார் அவர்.

“குயிலாட்டம் கூவாதீங்க. முழுசா சொல்லுங்க.”

“கூடாது!”

“கேட்டீங்களாடி? கூடாதாம். கொட்டுங்க எல்லாத்தையும்.” அவள் தன் டம்ளரை முதலில் கவிழ்த்தாள்.

“நீ குடிக்கலையா?”

“எப்படிக் குடிப்பேன்? குடிக்கவும்னு நின்னுது. உங்க பேச்சு என்னைக்கு அங்க முடிஞ்சிருக்கு? மிச்சம் வரட்டும், அதுவரைக்கும் யாரும் வாயில வைக்காதீங்கன்னு இவங்களையும் பிடிச்சு உக்கார வெச்சேன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நீ மட்டும் இல்லைன்னா நான்…”

வழக்கமாக மிச்சத்தை அவளே சொல்லி முடிப்பாள். இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள்.

“…ஒண்ணுக்கும் ஆக மாட்டேன்” என்றார், ஓர் எழுத்துகூட விடாமல்.

“அப்பாடா, ஒரு வாக்கியம் முடிஞ்சுது. மத்த தெருக்காரங்க என்ன குடிக்கிறாங்களோ, நகருங்க” என்று அவரைத் தள்ளிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

அடுத்த தெரு முனையில் அவர் ஆரம்பித்தார். “பொதுமக்கள் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்…” கட்டைவிரல் எழும்பியது. அதன்மேல் தன் விரலை வைத்து அழுத்திக்கொண்டு, ஒலிபெருக்கி கிழிய அவள் போட்டாள் ஒரு சத்தம்:

“கூடாது!”

ஓட்டுநர் பயந்துபோய் ஆட்டோவை நிறுத்திவிட்டார்.

“உங்களை இல்லண்ணே,” என்றாள் அவள், “நீங்க போங்க.”