ஐஸ் தட்டில் ஆறு குழாய்கள்

ஆய்வகத்தில் அவளுக்கு எறும்பு என்று பட்டப்பெயர். எதையும் வரிசையாக அடுக்காவிட்டால் அவளுக்குக் கை ஓடாது. எலி மூளையில் ஒரு நொதி நாள் முழுக்க ஒரே வேகத்தில் வேலை செய்கிறதா, நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குகிறதா என்று மூன்று வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நான்கு மணி நேரத்துக்கு ஒரு மூளை வீதம், காலை ஆறிலிருந்து மறுநாள் அதிகாலை இரண்டு வரை ஆறு குழாய்களில் எடுத்து உறையவைப்பாள். உறைந்த ஆறையும் ஒன்றாக உருகவைத்து, ஐஸ் தட்டில் அடுக்கி, இடமிருந்து ஒவ்வொன்றாகச் சோதிப்பாள். மஞ்சள் நிறம் வேகமாக ஏறினால் நொதி சுறுசுறுப்பு என்று அர்த்தம். எப்போதும் காலை ஆறு மணிக் குழாய் உச்சியில் நிற்கும். மற்றவை படிப்படியாக இறங்கும். வரைபடம் அத்தனை அழகு.

வெள்ளிக்கிழமை ஆய்வேட்டை ஒப்படைக்க வேண்டும். சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய் மகளை அழைத்துவர வேண்டும். நான்கு மணி நேரத்துக்கொரு தரம் எழுந்து ஓடும் பிழைப்பில் குழந்தையை வைத்துக்கொள்ள வழியில்லாமல் பத்து மாதமாக அங்கே விட்டிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கடைசிச் சரிபார்ப்பு. ஆறாவது குழாயை முடித்தபிறகுதான் அதில் ஒட்டியிருந்த சீட்டைக் கவனித்தாள். தட்டு இடம் வலமாகத் திரும்பியிருந்தது; அதிகாலை இரண்டிலிருந்து தொடங்கியிருக்கிறாள். கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர், எல்லாருக்கும் குழாயண்ணன், அவர்தான் பக்கத்தில் இருந்தார்.

"தட்டைத் திருப்பி வச்சீங்களாண்ணே?"

"மேஜை ஈரமா இருந்துச்சும்மா. தூக்கித் துடைச்சேன்."

"தொடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நாலு மணி நேர வேலை பாழாப்போச்சு."

"சீட்டுல மணி எழுதித்தானே இருக்கும்மா. எந்தப் பக்கத்துலேர்ந்து எடுத்தா என்ன?"

நியாயமான கேள்வி. அதனாலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு எண்களைப் பார்த்தாள். அதிகாலை இரண்டு மணிக் குழாய் உச்சியில் இருந்தது. காலை ஆறு மணி அடியில் கிடந்தது.

புதன்கிழமை வேறு ஆறு குழாய்களைக் கண்ணை மூடிக் கலைத்துப்போட்டுச் சோதித்தாள். முதலில் எடுத்தது எதுவோ அதுதான் உச்சி. ஐஸில் காத்திருக்கக் காத்திருக்க நொதி களைத்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று வருடமாக அவள் தன் வரிசையைத்தான் அளந்துகொண்டிருந்திருக்கிறாள். தன்னை எறும்பு என்று கொஞ்சியவர்களை எல்லாம் ஒரு அறை அறையலாம் போல ஆத்திரம் வந்தது.

வழிகாட்டி மேடம் அவள் நீட்டிய தாளைத் தள்ளிவைத்தார். "ரெண்டு தடவை மாறினதுக்கு எல்லாத்தையும் தூக்கிப் போடுவியா? பழைய முப்பது தடவையும் ஒரே மாதிரிதானே வந்திருக்கு?"

"முப்பது தடவையும் நான் ஒரே மாதிரி அடுக்கினேன் மேடம்."

மேடம் பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். "யாரும் கேக்கப்போறதில்ல. திரும்பச் செஞ்சா இன்னும் ஒரு வருஷம் ஆகும்."

"ஆகட்டும் மேடம்" என்று சொல்லித் தாளை எடுத்துக்கொண்டாள்.

மதியம் அக்காவுக்குப் போன் போட்டாள்.

"சனிக்கிழமைதானே வர்ற?"

"இல்லக்கா. இன்னும் ஒரு வருஷம்."

"சரி விடு. உன் பொண்ணுக்குச் செருப்பு பத்தல. நீ வந்து வாங்கிக் குடுப்பேன்னு இருந்தேன். நானே வாங்கிடறேன்."

மறுநாள் புதுக் குழாய்களோடு குழாயண்ணனிடம் போனாள். "முந்தாநாள் ரொம்பப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்கண்ணே. இதை உங்க இஷ்டத்துக்கு அடுக்குங்க. நான் வெளியே நிக்கிறேன்."

கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். ஆறு, பத்து, இரண்டு, ஆறு, பத்து, இரண்டு. ஒரு நூல் பிசகவில்லை. சீட்டுகள்கூட எல்லாம் அவள் பக்கமே பார்த்திருந்தன.

"இந்தத் தடவை சரியா வச்சிருக்கேம்மா" என்றார். "பாத்துக்க."

அவள் தலையை ஆட்டினாள். பிறகு, அவர் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே, குழாய்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றத் தொடங்கினாள்.